சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின் ஒன்று வீட்டுக்கு வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டீர்கள். கம்பெனி, வோல்ட், விலை எல்லாவற்றுக்கும் வருவோம். அதற்கு முன் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவர் எதில் கட்டியது?

யூடியூபில் பார்த்துவிட்டு வாங்கப் போகிறவர்களிடம் இதை அழுத்தியே சொல்வேன். அங்கே மிஷினைக் கையில் வைத்து விளக்கும் அமெரிக்கர்களின் வீடு பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்தது. படம் மாட்டினாலும் அலமாரி பொருத்தினாலும் அவர்களுடைய ஸ்க்ரூ மரத்துக்குள்தான் இறங்கும். ஒரு டிரில், ஒரு இம்பாக்ட் டிரைவர், இரண்டு பேட்டரி என்று ஒரே பெட்டியில் வரும் ஜோடி அந்த வீட்டுக்குக் கச்சிதம். நம் வீட்டில் கடிகாரம் மாட்டுவதற்கே செங்கல்லையோ கான்கிரீட்டையோ துளைத்து, கட்டை செருகி, அப்புறம்தான் ஸ்க்ரூ. அவர்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், முதல் ஓட்டையிலேயே மனம் உடைந்துபோகும்.

சுவர் என்ன சுவர் என்பதைத் தூளே சொல்லிவிடும். பழைய தனி வீடு என்றால் முதலில் பூச்சின் சாம்பல் தூள் வரும். அரை அங்குலம் தாண்டியதும் சிவப்புத் தூள் கொட்டத் தொடங்கும். அது செங்கல். புதிய அடுக்குமாடிகளில் ஏஏசி பிளாக் நிறைய வருகிறது. தட்டினால் மந்தமான ஓசை, துளைத்தால் வெளிறிய மெத்தென்ற தூள், பிட் தானாகவே உள்ளே போகும். இதில் அடித்துக்கொண்டே சுழலும் ஹாமர் நிலையைப் போட்டால் ஓட்டை பெரிதாகிக் கட்டை ஆடும். வெறும் சுழற்சியே போதும். இன்னும் சில அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றி மொத்தச் சுவரையும் எழுப்பியிருப்பார்கள். மைவன் கட்டுமானம் என்பார்கள். அங்கே எந்த மூலையில் துளைத்தாலும் கான்கிரீட்தான்.

செங்கல் வீடுதானே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டும் இடத்தைப் பாருங்கள். சட்டத்துக்கு மேலே லிண்டல் என்ற கான்கிரீட் பட்டை ஓடுகிறது. ஜன்னலின் இரண்டு பக்கமும் அரையடியாவது அது சுவருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். பல வீடுகளில் சுற்றிலும் ஒரே பட்டையாக ஓடும். ராடின் கிளாம்பு சரியாக அதன் மேல்தான் வந்து விழும். உள்ளே கருங்கல் ஜல்லி. பூச்சைத் தாண்டிய பிட் ஜல்லியில் முட்டியதும் முன்னேறாது, சத்தம் மட்டும் கரகரப்பிலிருந்து கீச்சென்று மாறும். நாம் தோளைக் கொடுத்து அழுத்துவோம். பிட்டின் நுனி சூடேறிக் கருகும், ஜல்லியின் சரிவில் நழுவிப் பக்கவாட்டில் போகும், கடைசியில் துளையும் கிளாம்பின் ஓட்டையும் சேராது. நல்ல மிஷினைச் சக்தியில்லாதது என்று மூலையில் வைப்பது பெரும்பாலும் இந்தக் கர்ட்டன் ராடு மாட்டும் நாளில்தான்.

மிஷின் மேல் தவறில்லை. சாதாரண பேட்டரி டிரில்லில் சுத்தியல் படம் போட்ட ஒரு நிலை இருக்கும். அதற்குத் திருப்பினால் உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி விழும், ஆனால் ஒவ்வோர் அடியும் மெலிது. நாம் அழுத்தும் அளவுக்குத்தான் அதற்கு வேகம். செங்கல்லில் 6 மி.மீ., 8 மி.மீ. கட்டைக்கு இது தாராளம். ஜல்லியை உடைக்க இது போதாது. அதற்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். அதனுள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஓர் இரும்புக் குண்டைத் தள்ளி பிட்டின் முதுகில் அடிக்க வைக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் தூக்கிவரும் 2 கிலோ வகை மிஷின் அடிக்கு 2 முதல் 3 ஜூல் தரும். அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்திருந்தால் போதும். அதன் பிட்டுக்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்ற பள்ளம் வெட்டிய வால் இருக்கும். சாதாரண சக்கில் அது நிற்காது. வாங்கும்போது மறந்துவிடாதீர்கள்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவர் துளைக்க ஒயர் வைத்த மிஷினே நல்லது. வீட்டுச் சுவரில் துளைக்கும் இடத்துக்கு அருகே எப்படியும் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். ஆண்டுக்குச் சில முறை வெளியே வரும் கருவிக்கு, கிடப்பிலேயே மூப்படையும் பேட்டரி எதற்கு? பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹாமர்களும் வருகின்றன, நன்றாகவே துளைக்கின்றன. ஆனால் அந்த விலை தினமும் ஏணி ஏறும் எலக்ட்ரீஷியனுக்குத்தான் கட்டும்.

அப்படியானால் பேட்டரி மிஷின் எதற்கு? மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும். அங்கே அதற்கு நிகரில்லை. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கீல் பொருத்தும்போதும், மொட்டை மாடியில் செடிக்கு ஸ்டாண்டு செய்யும்போதும் ஒயர் காலைச் சுற்றாமல் இருப்பதன் அருமை தெரியும்.

இம்பாக்ட் டிரைவரிடம் வருவோம். இதில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவே பெரிய குழப்பம் நடக்கிறது. நம் ஊரில் ஒயர் வைத்த ஹாமர் டிரில்லுக்கே ‘இம்பாக்ட் டிரில்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். அதனால் இம்பாக்ட் டிரைவரும் சுவரை உடைக்கும் என்று நம்பி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அதன் அடி முன்னோக்கி விழுவதில்லை, சுழலும் திசையிலேயே விழுகிறது. பஞ்சர் கடையில் நட்டு இறுகிக் கிடந்தால் ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் தட்டுவார்கள் இல்லையா, அதே வேலையை இது உள்ளுக்குள் செய்கிறது. ஸ்க்ரூ இறுகியதும் உள்ளேயிருக்கும் ஹாமர் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கும், விடுபட்டுச் சுழன்று வந்து, பிட்டைச் சுழற்றும் அன்விலை அறையும். நிமிடத்துக்கு மூவாயிரம் தடவை போல. பிட்டைப் பிடிக்க சக் கிடையாது; கால் அங்குல அறுகோண வாலுள்ள பிட் மட்டும்தான் அதில் உட்காரும்.

அடிகள் தனித்தனியாக விழுவதால் மிஷின் நம் மணிக்கட்டை முறுக்காது. சாதாரண 18 வோல்ட் டிரில் 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் இடத்தில் இது 150-ஐத் தாண்டும், ஆனாலும் ஒரு கையால் பிடிக்கலாம். மாடியில் தகர ஷீட் போட்டு ஷெட் கட்டுகிறவர், மூன்று அங்குல ஸ்க்ரூவைக் கட்டை மரத்தில் இறக்குகிறவர், துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர் எல்லோருக்கும் இது பெரிய உதவி. ஷீட் ஸ்க்ரூவில் மட்டும் விரலைச் சட்டென்று எடுக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் வாஷர் நசுங்கி, அடுத்த மழைக்கே ஒழுகும். சத்தமும் அதிகம், 90 டெசிபலைத் தாண்டும். காதுக்கு அடைப்பான் இல்லாமல் அறைக்குள் ஓட்டாதீர்கள்.

மென்மையான வேலைக்கு இதைக் கிட்டே சேர்க்கக் கூடாது. தேக்குக் கதவில் பித்தளை ஸ்க்ரூ போட்டுக் கீல் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இம்பாக்ட் டிரைவர் அந்த ஸ்க்ரூவின் தலையைத் திருகி எடுத்துவிடும். பாதி உடல் மரத்துக்குள் நிற்கும். டிரில்லாக இருந்தால் சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கிறது, அதுதான் கிளட்ச். வேலை இப்படிப் போக வேண்டும்: மெல்லிய பிட்டால் முதலில் வழி போடுங்கள், 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. சரியாக இருக்கும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை ஏற்றி இறக்கி மரத்தில் மரை உண்டாக்குங்கள். அப்புறம் கிளட்சை 3-லோ 4-லோ வைத்துப் பித்தளை ஸ்க்ரூவை விடுங்கள். இறுகவேண்டிய அளவு இறுகியதும் டக்டக்கென்று கிளட்ச் நழுவிச் சுழற்சி நின்றுவிடும். போதவில்லை என்றால் ஒவ்வோர் எண்ணாக ஏற்றுங்கள். கடைசி அரைச் சுற்றைக் கை ஸ்க்ரூடிரைவரால் முடிப்பது ஆசாரிகள் வழக்கம், நல்ல வழக்கம். எம்டிஎஃப் பலகை, பார்ட்டிகிள் போர்டு, ஸ்விட்ச் பாக்ஸ் இவற்றுக்கெல்லாம் கிளட்ச்தான் காவல். வீட்டுக்கு ஒரே மிஷின் என்றால் டிரில்லைச் சொல்வேன், இம்பாக்ட் டிரைவரைச் சொல்லமாட்டேன் என்பது இதனால்தான்.

வோல்ட் கணக்கு எளிது. லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறிய நேரத்தில் அதே ஐந்தும் 20-க்குச் சற்று மேலே காட்டும். ஆகவே ஒரு பெட்டியில் 18 என்றும் இன்னொன்றில் ‘20 மேக்ஸ்’ என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒரே வகுப்பு. மூன்று செல் கோர்த்தால் 10.8, அதைத்தான் 12 என்று விற்கிறார்கள். ஆன்லைனில் மலிவாக 48, 88 என்று எண் போட்டு வருகிறதே, அந்தச் சின்னப் பேட்டரிக்குள் அத்தனை செல் அடங்காது. எண்ணை நம்பாதீர்கள்.

பேட்டரியின் மற்ற எண் ஆம்பியர்-மணி. 2 என்றால் ஒரு வரிசை செல், 4 என்றால் பெரும்பாலும் இரண்டு வரிசை. அதிக நேரம் ஓடும் என்பது மட்டுமல்ல, பலமும் கூடும். கடின மரத்தில் மிஷின் திணறும்போது 20, 30 ஆம்பியர் இழுக்கும். ஒற்றை வரிசை அவ்வளவையும் தனியாகச் சுமந்தால் வோல்ட் இறங்கிவிடும். இரட்டை வரிசை பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே டிரில்லில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் கையிலேயே தெரியும்.

பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர்கள் 12 வோல்ட்டை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். ஒரு கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும், 30 நியூட்டன் மீட்டர் தரும், இடுக்கில் நுழையும். பிளைவுட், கீல், டிராயர் எல்லாம் இதிலேயே முடியும். செங்கல் சுவரும் சேர்த்து ஒரே மிஷினில் பார்க்க வேண்டும் என்கிறவருக்கு ஹாமர் நிலை உள்ள 18 வோல்ட் டிரில். கான்கிரீட் வீட்டுக்காரருக்கு ஒயர் வைத்த சிறிய ரோட்டரி ஹாமரும் 12 வோல்ட் டிரில்லும் சேர்ந்த ஜோடி. இம்பாக்ட் டிரைவரை அப்புறம், நீள ஸ்க்ரூ வேலை வந்தபிறகு, பேட்டரி இல்லாத வெறும் மிஷினாக வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ‘அப்புறம்’ நடக்க வேண்டுமானால் முதல் நாளே பேட்டரியைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு கம்பெனியின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளும் பிரிவு உண்டு: பாஷில் நீல நிற 18 வோல்ட்டும் பச்சை நிற 18 வோல்ட்டும் வேறுவேறு குடும்பம், மகிட்டாவில் ஜி வரிசை தனி, எல்எக்ஸ்டி தனி. கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பேட்டரியில் வேறு என்னென்ன ஓடும், தனிப் பேட்டரி என்ன விலை, நம் ஊரில் சர்வீஸ் எங்கே? மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த மிஷின் வேண்டாம். பிரஷ்லெஸ் மோட்டார் கிடைத்தால் நல்லது, அதே சார்ஜில் கூடுதல் வேலை வரும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாராக இருந்தாலும் வீட்டு வேலைக்குக் குறையில்லை.

1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் முதல் பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது நிக்கல் காட்மியம். அந்தக் காலத்துப் பழக்கமாக, பேட்டரியைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். 2005 வாக்கில் லித்தியம் வந்தபிறகு அது தேவையே இல்லை. அடியோடு காலியாக விடுவது கெடுதல்கூட. நம் வெயிலில் கவனிக்க வேண்டியது சூடு. வேலை முடிந்து கொதிக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் வைக்காதீர்கள், ஆறட்டும். காருக்குள்ளும் மொட்டை மாடி ஷெட்டிலும் விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் அலமாரிக்குள் வையுங்கள்.

பிட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சுவருக்கு கார்பைடு நுனி, மரத்துக்குக் கூர்முனை, இரும்புக்கு எச்எஸ்எஸ். குளியலறை டைல்ஸில் பிட் டைலை முழுதாகத் தாண்டும் வரை ஹாமரைப் போடவே கூடாது. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவாகத் தொடங்குங்கள்.

துளைக்கும் இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் ஒயர் பைப் பெரும்பாலும் ஸ்விட்ச் போர்டிலிருந்து நேர் மேலே ஓடும், தண்ணீர்க் குழாய் டேப்பிலிருந்து நேர் மேலேயோ கீழேயோ. அந்தக் கோட்டை விட்டு ஒதுங்குங்கள். வேறு வழியே இல்லை, போர்டுக்குப் பக்கத்தில்தான் துளைக்க வேண்டும் என்றால் அந்த அறையின் எம்சிபியை இறக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் செங்கல் சுவர் என்றால் ஹாமர் உள்ள பேட்டரி டிரில்லையே எடுங்கள். கான்கிரீட் என்றால் பக்கத்து அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஒயர் மிஷினை ஓட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வேட்டி நுனியையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள், முதல் சில சுற்றை ஹாமர் இல்லாமல் மெதுவாக விட்டுக் குழி விழுந்தபிறகு வேகமெடுங்கள்.