நிலைபெற்ற உருவம்

ஒளியைக் கொண்டு உருவத்தைத் தோற்றுவித்தல் எளிது. தோன்றியதை நிலைக்கச் செய்தலே அரிது. இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வெட்ஜ்வுட், வெள்ளி உப்பு பூசிய தாளில் இலைகளின் உருவைப் பதித்தார். 1802இல் இச்செய்தி வெளியாயிற்று. எனினும், பகலொளியில் வைத்தவுடன் எஞ்சிய உப்பும் கருத்து, உருவம் மறைந்தது.

இச்சிக்கலைத் தீர்த்தவர் ஜான் ஹெர்ஷல். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட், வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை அவர் 1819இல் கண்டறிந்திருந்தார். 1839இல் அதனைக் கொண்டே ஒளிப்படத்தை நிலைபெறச் செய்தார்.

பின்னாளில் வந்த படச்சுருளிலும் இம்முறையே தொடர்ந்தது. கருப்பு வெள்ளைச் சுருளில், ஜெலட்டினுள் சில்வர் புரோமைடு படிகங்கள் பரவியிருக்கும். ஒளி பட்ட படிகத்தில் வெள்ளி அணுக்கள் சில திரளும். அம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாது. இருட்டறையில் டெவலப்பர் என்னும் கரைசல், அப்படிகங்களைக் கரிய வெள்ளியாக மாற்றும். ஆதலால், வெளிச்சம் மிகுந்த இடம் சுருளில் கருமையாகத் தோன்றும். ஒளி படாத படிகங்களை ஹைப்போ கரைத்துவிடும்.

இறுதியில் சுருளை ஓடும் நீரில் நன்கு கழுவுதல் வேண்டும். எஞ்சிய ஹைப்போ, காலப்போக்கில் வெள்ளியைத் தாக்கிப் படத்தை மங்கச் செய்யும். படத்தைக் காத்த பொருளே அதனை அழிக்கவும் வல்லது.

விடையளிக்க:
1. வெட்ஜ்வுட் பதித்த உருவம் நிலைக்காதது ஏன்?
2. சுருளை இறுதியில் நீரில் கழுவுவது எதற்காக?