மூன்று நிமிடத்துக்குள் யார் வருவார்?

லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களில் மூலைக்கு மூலை கேமரா உண்டு. பணம் கைமாறும் ஒவ்வொரு மேசையையும் யாரோ ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். 1990களின் இறுதியில் மருத்துவர்கள் சிலர் இந்தக் கண்காணிப்பை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். கூடத்தின் பாதுகாப்புக் காவலர்களுக்கு, மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் ‘சிபிஆர்’ செய்யவும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ‘ஏஇடி’ கருவியை இயக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். யாராவது சுருண்டு விழுந்தால் காவலர்கள் கருவியோடு ஓட வேண்டும். விழுந்த மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி தர வேண்டும் என்பது இலக்கு.

முடிவுகள் 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்தவர்கள் 105 பேர். அவர்களில் 56 பேர் பிழைத்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்கள். விழுந்ததை மற்றவர்கள் நேரில் பார்த்த சம்பவங்களை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பெற்றவர்களில் 49 சதவீதம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து சேரச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆனது. அவர்களுக்காகக் கைகட்டிக் காத்திருந்தால் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காவலர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. விழுந்தவருக்கு மிக அருகில் இருந்தார்கள், என்ன செய்வதென்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வேலையிட முதலுதவி என்றதும் உலைக்கூடமும் கட்டுமானச் சாரமும்தான் நம் நினைவுக்கு வரும். வங்கிக் கிளை, துணிக்கடை, கணினி அலுவலகம், நூலகம் போன்றவை ‘ஆபத்துக் குறைந்த’ இடங்கள். விரலை நசுக்கும் இயந்திரமோ கண்ணில் தெறிக்கும் அமிலமோ அங்கே இல்லை. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வலிப்பையும் ஒவ்வாமையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை. மதியச் சாப்பாடு தொண்டையில் அடைத்துக்கொள்ள எந்த அலுவலகமும் விதிவிலக்கல்ல.

இத்தகைய இடங்களுக்கும் முதலுதவி வேண்டும் என்பதைப் பிரிட்டன் 1981லேயே சட்டமாக்கியது. அங்கே வேலை தருபவர் யாராக இருந்தாலும், தம் ஊழியர்களுக்குப் போதுமான முதலுதவி ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு ஒரு கணக்கும் பரிந்துரைக்கிறது. ஆபத்துக் குறைந்த இடத்தில் 25 பேருக்கும் குறைவாக இருந்தால், முதலுதவிப் பெட்டியையும் ஆம்புலன்ஸ் அழைப்பையும் கவனிக்க ஒருவர் போதும். 25 முதல் 50 பேர் வரை என்றால், ஒருநாள் அவசர முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது வேண்டும். அதற்கு மேல் போனால், நூறு பேருக்கு ஒருவர் வீதம் மூன்று நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பெட்டியில் மாத்திரைகளை வைக்க வேண்டாம் என்றும் அந்த அமைப்பு சொல்கிறது. மருந்து கொடுப்பது வேறு வேலை. முதலுதவி வேறு வேலை.

ஒருநாள் பயிற்சி என்பது ஆறு மணி நேரம். அதன் மையத்தில் தரையில் கிடக்கிறது ஒரு பொம்மை. நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் உருவாக்கிய வகை அது. அதே ஆண்டுதான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்க முடியும் என்று எழுதினார்கள்.

பொம்மையின் பக்கத்தில் மண்டியிட வேண்டும். மார்பின் நடுவில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கைப் பகுதியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கை மடங்கக்கூடாது, தோளிலிருந்து உடல் எடை இறங்க வேண்டும். ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். முதன்முறை செய்பவர்களில் பலர் பயந்து பயந்து அழுத்துவார்கள். இரண்டு நிமிடத்திலேயே கை தளரும். ஆகவே ஆள் மாற்றிக்கொள்வதையும் சேர்த்தே பழக்குகிறார்கள்.

இந்த அழுத்தத்தால் நின்ற இதயம் பெரும்பாலும் தானாக ஓடத் தொடங்கிவிடாது. மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அதுவே பெரிய காரியம். அது கிடைக்காவிட்டால் நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். துடிப்பைச் சீராக்குவது ஏஇடியின் வேலை. ஒட்டுப்பட்டைகளை மார்பில் ஒட்டியதும் கருவியே துடிப்பை ஆராய்ந்து, தேவையென்றால் மட்டும் மின்னதிர்ச்சி தரச் சொல்லும். தேவையில்லாதவருக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

பயிற்சியில் அழுத்திச் சொல்லப்படும் இன்னொரு விஷயம் உண்டு. இதயம் நின்ற பிறகும் சிலர் சில நிமிடங்களுக்கு வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். குறட்டை போன்ற சத்தம் வரும். சுற்றி நிற்பவர்கள் “மூச்சு இருக்கு” என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். அது மூச்சே அல்ல. கூப்பிட்டாலும் தட்டினாலும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

மிச்ச நேரத்தில் சொல்லித் தருபவை எளியவை. ஆனால் தெரியாதவர் தவறாகச் செய்பவை. தொண்டை அடைத்து, இருமவும் முடியாமல் தவிப்பவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. பலனில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலே இழுக்கும் அழுத்தம். சூடான டீ கொட்டினால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசையோ பேனா மையோ வேண்டாம். வலிப்பு வந்தவரைக் கட்டிப் பிடிக்கக்கூடாது, வாயில் எதையும் திணிக்கக்கூடாது. நம்மூரில் கையில் திணிக்கும் இரும்புச் சாவி வலிப்பை நிறுத்துவதில்லை. தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கை அவ்வளவு நாள் நினைவு வைத்திருப்பதில்லை. சில மாதங்களிலேயே அழுத்தத்தின் ஆழமும் வேகமும் தவறத் தொடங்கும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை பொம்மையிடம் திரும்பி வரச் சொல்கிறது பிரிட்டன்.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், அது முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி, ஆனால் பெயரே சொல்வதுபோல் அது தொழிற்சாலைகளுக்கானது. கடையும் அலுவலகமும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல், வாயோடு வாய் வைத்து ஊதாமல் மார்பை அழுத்துவதை மட்டும் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் எளிய முறையை வெளியிட்டார்கள். வாய் வைக்கும் தயக்கத்தாலேயே ஒதுங்கி நிற்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில், ஒரு பிற்பகலிலேயே அதைப் பழகிவிடலாம்.

பழகிய பிறகு கொஞ்சம் வீட்டுப்பாடமும் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் விடுப்பில் போனால் மாற்று ஆள் யார் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஏஇடி இருந்தால் அதைப் பூட்டிய அலமாரியில் வைக்கக்கூடாது. 108க்கு அழைப்பவர் தடுமாறாமல் வாசிக்க, கட்டடத்தின் முழு முகவரியும் அடையாளமும் தொலைபேசிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் கீழே போய்த் தெருவில் நின்று ஆம்புலன்ஸுக்குக் கை காட்ட வேண்டும். மூன்றாமவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். இந்த மூவரின் பெயரையும் இந்த வாரமே எழுதி வைத்துவிடலாம்.