கடலடித் தூது

நிலவுலகின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினைக் கடல் கவிந்துள்ளது. நிலத்தின்மேல் நிகழ்வனவற்றை நொடிப்பொழுதில் அறியும் ஆற்றல் பெற்ற மாந்தர், கடலின் அடியில் நிகழ்வனவற்றை நெடுங்காலம் அறியாதவராகவே இருந்தனர். அவ்வறியாமை எத்துணைக் கேடு பயக்கும் என்பதை 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காட்டிற்று. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவினருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கரையில் இருந்தோர் மேட்டு நிலம் சென்று உயிர் பிழைக்க அந்நேரம் போதும். ஆயினும், அலை வருகின்றது என முன்சென்று உரைக்கும் தூது எதுவும் இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அத்தகைய தூதினை அனுப்புதற்கு உரிய கருவி அழுத்தமானியாகும். ஆழ்கடலில் பேரலையின் உயரம் மிகக் குறைவு; கப்பலில் செல்வோர்கூட அதனை உணரார். ஆனால், கடலடியில் வைக்கப்பெற்ற அழுத்தமானி, தன் மேல் நிற்கும் நீரின் எடை சிறிதே மிகுந்தாலும் குறைந்தாலும் உடனே அறிந்துகொள்ளும். பல ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்தும், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறுவதை அது கண்டுகொள்ளும். கண்டதை மேலே எவ்வாறு தெரிவிப்பது என்பதே வினா.

வானொலி அலை இங்குப் பயன்படாது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையதாகலின், அவ்வலையைச் சிறு தொலைவிலேயே விழுங்கிவிடும். ஒளியும் நெடுந்தொலைவு செல்லாது. எஞ்சி நிற்பது ஒலி ஒன்றே. 1826ஆம் ஆண்டில் கொலாடன், சுடர்ம் என்னும் இருவர் செனீவா ஏரியில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். ஒரு படகிலிருந்து நீருக்குள் மணி அடிக்கப்பெற்றது. அதே நொடியில் வெடிமருந்து கொளுத்தப்பெற்றது. பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில் இருந்தவர், வெடியொளி கண்டதற்கும் மணியொலி கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தை அளந்தார். நீரில் ஒலி நொடிக்கு 1,435 மீட்டர் செல்லும் என்று தெரிந்தது. கடல்நீரில் அதன் விரைவு ஏறத்தாழ 1,500 மீட்டராகும். காற்றில் செல்லும் விரைவினும் இது நான்கு மடங்கிற்கு மேற்பட்டது.

எனினும், வானொலி அலையோடு ஒப்பிடின் ஒலி மிக மெதுவாகச் செல்வதேயாம். வானொலி அலை அதனினும் இரண்டு நூறாயிரம் மடங்கு விரைந்து செல்லும். நீரடியில் பல கருவிகள் ஒன்றோடொன்று பேசுங்கால் எழும் இடர்ப்பாடுகளுள் பல இம்மெதுமையால் விளைவன. எடுத்துக்காட்டாக, மிதவை ஒன்றின் கிழக்கே மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஒரு கருவியும், மேற்கே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மற்றொரு கருவியும் இருப்பதாகக் கொள்வோம். கிழக்குக் கருவி பேசத் தொடங்கி ஒரு நொடி கழிந்தபின் மேற்குக் கருவி செவிசாய்க்கின்றது. முன்னதன் ஒலி அதனை அடைய மூன்று நொடி வேண்டும். ஆதலின் எங்கும் அமைதி நிலவுவதாக எண்ணி அதுவும் பேசுகின்றது. இரண்டு ஒலிகளும் ஒரே நேரத்தில் மிதவையை அடைந்து கலந்து குழம்பும். மாறாக, இரண்டும் ஒரே நொடியில் பேசியிருப்பின், சிறு செய்திகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து தெளிவாகக் கேட்கும். நிலத்தில் எப்போது பேசுவது என்பதை அறிந்தால் போதும். நீரிலோ எங்கிருந்து பேசுவது என்பதையும் கணக்கிடல் வேண்டும்.

இக்குழப்பம் நேராமைப் பொருட்டு அறிஞர் சில நெறிமுறைகளை வகுத்துள்ளனர். ஒவ்வொரு கருவிக்கும் பேசுதற்குரிய முறை ஒதுக்கப்படும். ஒருவர் முறைக்கும் அடுத்தவர் முறைக்கும் இடையே, ஒலி சென்று சேருதற்குரிய வெற்றுநேரம் விடப்படும். செய்தி பெற்ற கருவி, பெற்றேன் என்று மறுமொழி கூறும். அம்மறுமொழி வாராவிடின், அனுப்பிய கருவி சிறிது காத்திருந்து மீண்டும் அனுப்பும். கடலின் மேற்பரப்பிலும் அடித்தளத்திலும் பட்டு எதிரொலிகள் பின்தொடர்ந்து வருமாதலின், செய்தி பிழைபட்டதா என ஆராய்தற்குரிய சோதனை எண்ணும் உடன் அனுப்பப்படும். மேலும், கடலடிக் கருவிக்கு உணவு மின்கலமே. அதனை அடிக்கடி மாற்றுதல் இயலாது. கேட்பதைவிடப் பேசுவதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். ஆதலின் வேண்டாதபோது உறங்கி, வேண்டியபோது விழித்து, சுருங்கச் சொல்லுதல் அக்கருவிக்கு இன்றியமையாத ஒழுக்கமாகும்.

வெவ்வேறு நாட்டார் செய்த கருவிகள் தம்முள் பேசப் பொதுமொழி ஒன்றும் வேண்டுமன்றோ? இத்தாலி நாட்டின் லா சுபெசியா நகரிலுள்ள கடல் ஆய்வு நிலையம் அத்தகைய நெறிமுறை ஒன்றனை வகுத்தது. இரு முகமுடைய உரோமானியத் தெய்வத்தின் பெயரால் அதற்குச் சேனசு என்று பெயரிடப்பெற்றது. 2017ஆம் ஆண்டில் வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகள் அதனைத் தம் பொது நெறியாக ஏற்றன.

இன்று வங்கக்கடலிலும் இத்தூது நடைபெறுகின்றது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அழுத்தமானிகளையும் மிதவைகளையும் கடலில் நிறுவியுள்ளது. அடியிலுள்ள கருவி ஒலியால் மிதவைக்கு உரைக்கும்; மிதவை அதனை வானொலி அலையாக மாற்றிச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும்; செயற்கைக்கோள் வழியாகச் செய்தி கரையை அடையும். 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற எச்சரிக்கை நிலையம், நிலநடுக்கக் குறிப்புகளோடு அதனை ஒப்பிட்டு ஆராய்ந்து, கரையோர மக்களுக்கு அறிவிக்கின்றது. மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து மிதவையை எட்ட ஒலிக்கு வேண்டுவது இரண்டே நொடி. பேரலைக்கோ கரையை அடைய மணிக்கணக்கில் காலம் செல்லும்.

அலையைத் தடுக்கும் ஆற்றல் மாந்தர்க்கு இல்லை. அலைக்கு முன்னே செய்தியை ஓடச் செய்யும் ஆற்றல் உண்டு. அந்தச் செய்தி பிழையின்றிச் சேர்தற்கு, முறையறிந்து பேசுதலும் பொறுமையோடு கேட்டலும் கருவிகளுக்கும் வேண்டப்படுகின்றன. அந்நெறி தவறாது காக்கப்படுமாயின், கடல் அடியிலிருந்து எழும் சிற்றொலி ஒன்று கரையிலுள்ள பல்லாயிரம் உயிர்களைக் காக்கும்.