பாய்லரையே மாத்தணும்னு சொல்றாங்களா? விலைக்கு முன்னாடி காரணத்தைக் கேளுங்க

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பத்தி. நூறு வருஷத்துப் பழைய வீடு. நீராவியில ஓடுற ஹீட்டிங். ரிப்பேர் பார்க்க வந்தவர், "பாய்லர் போச்சு, மொத்தமா மாத்தணும், 13,500 டாலர்"னு ஒரு கொட்டேஷனை நீட்டுறார். இது நியாயமான விலையா, இல்ல தலையில மிளகாய் அரைக்குறாங்களா?

கேட்டது என் ஆபீஸ் சீனியர். நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன். வடக்கு நியூ ஜெர்சியில 1924-ல கட்டுன வீட்டை வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. சேமிப்புல பெரும்பகுதி டவுன் பேமென்ட்டுக்கே போயிடுச்சு. ஊர்ல இருந்து அவரோட அம்மா, அப்பா முதல் தடவையா வந்திருக்காங்க. வெளியில ஜனவரிக் குளிர். கொட்டேஷன் மூணு நாளைக்குத்தான் செல்லும்னு வேற சொல்லிட்டாங்க.

நானும் அவரும் ஒரு வாரம் இதையே தோண்டிட்டு இருந்தோம். கடைசியில எனக்குப் புரிஞ்சது இதுதான்: காரணம் தெரியாத ரிப்பேருக்கு, அந்த விலை அதிகமா கம்மியான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஏன்னு பார்க்க, முதல்ல இந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும்.

குக்கர் இல்ல, இட்லிப் பானை

சென்னையில இருந்து கேட்குறவங்களுக்கு ஹீட்டர்னா பாத்ரூம் கெய்சர்தான் ஞாபகம் வரும். இது வேற. பேஸ்மென்ட்ல ஒரு பாய்லர் இருக்கும். அதுல தண்ணி கொதிச்சு நீராவியாகி, இரும்புக் குழாய் வழியா மேல ஏறி, ஒவ்வொரு ரூம்லயும் இருக்கிற வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குள்ள போகும். அங்க குளிர்ந்து திரும்பத் தண்ணியாகும்போது, தன்கிட்ட இருந்த சூட்டை ரூமுக்குக் கொடுத்துடும். அந்தத் தண்ணி தானாவே கீழ இறங்கி பாய்லருக்கு வந்துடும். மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது. நீராவி தானா ஏறும், தண்ணி தானா இறங்கும், அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டுல இருக்கிறது ஒத்தக் குழாய் அமைப்பு. நீராவி மேல போறதும், தண்ணி கீழ வர்றதும் ஒரே பைப்லதான். அதனால ரேடியேட்டர், பைப் எல்லாம் தண்ணி வடியுற மாதிரி சரியான வாட்டத்துல இருக்கணும். வாட்டம் தப்பினா தண்ணி தேங்கும். பின்னாடி வேகமா வர்ற நீராவி அந்தத் தண்ணியைத் தூக்கிப் பைப்ல அடிக்கும். காலையில அஞ்சு மணிக்கு சுத்தியல் வச்சு அடிக்குற மாதிரி 'டங் டங்'னு கேட்குற சத்தம் இதுதான்.

இன்னொரு விஷயம் காத்து. ஹீட்டிங் ஓடாத நேரத்துல பைப் முழுக்கக் காத்து இருக்கும். அது வெளிய போனாத்தான் நீராவி உள்ள வரும். அதுக்குத்தான் ஒவ்வொரு ரேடியேட்டர்லயும் ஒரு சின்ன வென்ட். காத்து வந்தா திறந்திருக்கும், சூடான நீராவி தொட்டா மூடிக்கும். பேஸ்மென்ட்ல பெரிய குழாயோட முடிவுலயும் ஒரு வென்ட் இருக்கும், அது மெயின் வென்ட். அது அடைச்சுக்கிட்டா, பாய்லருக்குப் பக்கத்து ரூம் வெந்துடும், தூரத்து ரூம் நடுங்கும்.

அழுத்தம் எவ்வளவு? நம்ம வீட்டுக் குக்கர் ஏறக்குறைய 15 பி.எஸ்.ஐ.ல வேலை செய்யுது. இந்த வீட்டு பாய்லருக்கு 2 பி.எஸ்.ஐ.க்குள்ளயே போதும். குக்கரை விட இட்லிப் பானைக்குத்தான் இது சொந்தம். அழுத்தத்தை ஏத்தினா சூடு சீக்கிரம் வரும்னு நினைச்சு நிறைய பேர் கூட்டி வச்சுடுறாங்க. ஆனா 1 பி.எஸ்.ஐ. அழுத்தம் சுமார் 28 அங்குல உயரத் தண்ணியைத் தள்ளி நிறுத்தும். அழுத்தம் கூடக் கூட, பாய்லருக்குத் திரும்ப வேண்டிய தண்ணி குழாய்லயே நின்னுடும். கேஸும் வீண், வென்ட்டும் கெட்டுப்போகும்.

இதெல்லாம் ஏன் வர்றவங்களுக்கே தெரியறதில்ல?

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுல புது வீடுகள் சுடுதண்ணி ஹீட்டிங், சூடான காத்து ஹீட்டிங்னு மாறிடுச்சு. நீராவி தெரிஞ்ச தலைமுறை ரிடையர் ஆகி, அந்த அறிவும் அவங்களோட போயிடுச்சு. டான் ஹோலஹன்னு ஒருத்தர் 1992-ல இதைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு வச்ச தலைப்பே, தொலைஞ்சு போன நீராவிக் கலைங்கிற அர்த்தத்துலதான். நல்ல பிளம்பராவே இருக்கலாம், நூறு சுடுதண்ணி பாய்லர் மாட்டியிருக்கலாம். நீராவி வேற பாடம்.

டாக்குமென்டேஷன் இல்லாத பழைய சாஃப்ட்வேரைக் கையில கொடுத்தா, நம்மள்ல பாதிப் பேர் "மொத்தமா திரும்ப எழுதிடலாம்"னுதானே சொல்றோம்? அதே மனசுதான். அதனால முதல்ல வந்தவர் ஏமாத்துக்காரர்னு நான் சொல்லல. பாய்லருக்கு 22 வயசு, சத்தம் போடுது, தினமும் தண்ணி குறையுது. மாத்திட்டா பிரச்சினை தீரும்னு அவர் உண்மையாவே நம்பியிருக்கலாம். ஆனா லாக் பார்க்காம சர்வரை மாத்தினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்.

தண்ணி எங்க போகுது?

அண்ணன் வீட்டுல மூணு குறை. விடியக்காலைச் சத்தம். மாடியில அப்பா, அம்மா படுக்கிற ரூம் சூடே ஆகல. பாய்லருக்கு தினமும் தண்ணி விட வேண்டியிருக்கு. இதுல கவலைப்பட வேண்டியது மூணாவதுதான்.

போன தண்ணி திரும்பி வர்ற அமைப்பு இது. மாசத்துல அப்பப்ப கொஞ்சம் விடுறது சகஜம். தினமும் விடணும்னா, எங்கேயோ ஓட்டை. அது மூணு இடத்துல இருக்கலாம். ஒண்ணு, மேல வென்ட்லயோ வால்வுலயோ நீராவி கசியலாம். ரெண்டு, பாய்லர் இரும்புலயே, தண்ணி மட்டத்துக்கு மேல ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போ நீராவி புகைபோக்கி வழியாப் போயிடும், தரையில ஒரு சொட்டுகூடத் தெரியாது. மூணு, தண்ணி திரும்பி வர்ற ரிட்டர்ன் குழாய் பேஸ்மென்ட் தரைக்கடியில புதைஞ்சிருந்தா, அது துருப்பிடிச்சு மண்ணுக்குள்ள ஒழுகலாம்.

முதல் கொட்டேஷன் ரெண்டாவது காரணத்தை வச்சு எழுதினது. ஆனா அதுக்கு எந்த டெஸ்ட்டும் பண்ணல. அண்ணன் போன் பண்ணி, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேட்டப்போ, "வயசாயிடுச்சு சார்"ங்கிற மாதிரிதான் பதில் வந்துச்சு.

அதுக்கப்புறம் நீராவி வேலை மட்டுமே நிறைய பார்த்த ஒருத்தரைத் தேடிப் பிடிச்சோம். அவர் பாய்லரை அணைச்சு, நல்லா ஆற விட்டு, வழக்கமான மட்டத்துக்கு மேல தண்ணி நிரப்பிட்டுக் காத்திருந்தார். இரும்புல ஓட்டை இருந்தா உள்ள அடுப்புப் பக்கம் சொட்டணும். சொட்டல. அடுத்து, தரைக்கடியில போற ரிட்டர்ன் குழாயைத் தனியாப் பிரிச்சு அதுல தண்ணி விட்டார். நிக்கவே இல்ல. ஓட்டை அங்கதான்.

இங்க ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. ரிட்டர்ன் குழாய் ஒழுகினா பாய்லர் தண்ணி மொத்தமும் வடிஞ்சு, வெறும் பாய்லர் எரிஞ்சு வெடிக்கிற ஆபத்து அந்தக் காலத்துல உண்டு. ஹார்ட்ஃபோர்டுங்கிற ஊர்ல இருந்த பாய்லர் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1919-ல ஒரு குழாய் இணைப்பைப் பரிந்துரைச்சது. ரிட்டர்ன் குழாயை நேரா பாய்லர் அடியில சேர்க்காம, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மேல ஏத்தி வளைச்சு இணைக்கணும். அப்போ கீழ எவ்வளவு ஒழுகினாலும் பாய்லர்ல இருந்து அந்த உயரத்துக்குக் கீழ தண்ணி இறங்காது. இதுக்குப் பேரே ஹார்ட்ஃபோர்டு லூப். அண்ணன் வீட்டு பாய்லர்லயும் அது இருந்துச்சு.

மத்த ரெண்டு குறைக்கும் காரணம் சின்னதுதான். மெயின் வென்ட் துருவேறி மூடியே கிடந்துச்சு. மாடி ரேடியேட்டர்ல ரசமட்டம் வச்சுப் பார்த்தா வாட்டம் தலைகீழா இருந்துச்சு. தரை இறங்கியிருக்கு, அந்தப் பக்கக் காலுக்கடியில மரத்துண்டு வச்சா போதும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற பிரஷர்ட்ரால்ங்கிற பெட்டியும் 5 பி.எஸ்.ஐ.ல இருந்துச்சு. அதைக் குறைச்சு வச்சார்.

ரிட்டர்னைத் தரைக்கு மேல சுவரோரமா புதுசாப் போட்டு, வென்ட் எல்லாம் மாத்தி, மொத்தம் 2,300 டாலர். போகும்போது அவரே, "இந்த பாய்லர் இன்னும் சில வருஷம்தான் வரும், அதுக்குக் காசு சேர்த்து வைங்க"ன்னும் சொல்லிட்டுப் போனார்.

மிச்சமான 11,200 டாலரை விட எனக்குப் பெருசாப் பட்டது வேற. முதல் கொட்டேஷனுக்குச் சரின்னு சொல்லியிருந்தா, புது பாய்லரை அந்த ஓட்டைக் குழாயிலயேதான் இணைச்சிருப்பாங்க. தினமும் புதுத் தண்ணி விட்டா அதோட ஆக்ஸிஜனும் உள்ள போகும், இரும்பை அரிக்கும். புது பாய்லரும் சீக்கிரமே துருப்பிடிச்சிருக்கும்.

பெரிய விலை நியாயமா இருக்கிறது எப்போ?

பாய்லர்லயே ஓட்டைன்னு நிரூபணம் ஆனா, மாத்தித்தான் ஆகணும். அப்போ விலை பெருசாத்தான் வரும். வார்ப்பிரும்பு பாய்லரை பேஸ்மென்ட்டுக்குள்ள இறக்கணும். பக்கத்துல வர்ற இரும்புக் குழாயை அளந்து வெட்டி, மரை போட்டு இணைக்கணும். பர்மிட் வேணும். மாட்டினதுக்கு அப்புறம் புது பாய்லர்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணி மேல இருந்து மெதுவா வழிச்சு எடுக்கணும், இல்லன்னா தண்ணி நுரைச்சுத் துள்ளும். இதெல்லாம் பண்றவருக்குக் கொடுக்கிற காசு தண்டம் இல்ல. பாதி விலைக்கு இதைத் தாண்டிப் போறவர்தான் பின்னாடி செலவு வைப்பார்.

எல்லாத்தையும் தூக்கிட்டு ஹீட் பம்ப் போடலாமேன்னும் கேட்பீங்க. நல்ல கேள்வி, ஆனா அது தனி முடிவு. வீட்டோட இன்சுலேஷன், கரென்ட் வசதி எல்லாம் பார்த்து வெயில் காலத்துல நிதானமா எடுக்கணும். ஜனவரியில வீடு குளிர்ந்து கிடக்கும்போது வேண்டாம்.

கொட்டேஷன் கொடுக்கிறவர்கிட்ட கேட்க வேண்டியது

1. எந்த டெஸ்ட் பண்ணி இந்த முடிவுக்கு வந்தீங்க? தண்ணி எங்க போகுதுன்னு காட்ட முடியுமா?

2. ரேடியேட்டர் எல்லாத்தையும் அளந்தீங்களா? நீராவி பாய்லர் சைஸை வீட்டோட சதுர அடியை வச்சோ, பழைய பாய்லர் ஸ்டிக்கரைப் பார்த்தோ முடிவு பண்ணக்கூடாது. ரேடியேட்டருக்குன்னே ஒரு 'சதுர அடி' அளவு உண்டு. ஒண்ணுக்கு மணிக்கு 240 பி.டி.யு. கணக்கு. மொத்தம் 300 வந்தா 72,000 பி.டி.யு. புது பாய்லர் தகட்டுல நீராவிச் சதுர அடின்னு போட்டிருக்கிற எண், அந்த 300-க்குப் பக்கத்துல இருக்கணும்.

3. பாய்லர் பக்கத்துக் குழாய்களை மேனுவல்ல இருக்கிற படத்தின்படி, இரும்புலயே போடுவீங்களா? செம்பு வேண்டாம்.

4. மெயின் வென்ட், ரிட்டர்ன் குழாய், எண்ணெய் எடுக்கிற வேலை எல்லாம் இந்த விலைக்குள்ள வருதா? தனித்தனியா எழுதிக் கொடுங்க.

இதுக்கு எரிச்சல் படாம பதில் சொல்றவர் கிடைச்சா, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பேசலாம்.

கடைசியா, நீங்களே கை வைக்கக்கூடாத இடங்கள். கண்ணாடிக் குழாய்ல தண்ணியே தெரியலன்னா பாய்லரை அணைச்சிட்டு ஆளைக் கூப்பிடுங்க. சூடான வெறும் பாய்லர்ல பச்சைத் தண்ணி விட்டா இரும்பு வெடிச்சுப் பிளக்கலாம். பழைய குழாய் மேல வெள்ளையா மாவுக்கட்டு மாதிரி சுத்தியிருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு உண்டு, சுரண்டாதீங்க, டெஸ்ட்டுக்குக் கொடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு மாடியிலயும் இருக்கட்டும்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. பாய்லருக்கு எந்தத் தேதியில எவ்வளவு தண்ணி விட்டீங்கன்னு பக்கத்துச் சுவர்ல ஒரு பேப்பர் ஒட்டி எழுதி வைங்க. அடுத்த தடவை கொட்டேஷனோட யார் வந்தாலும், அவரை முதல்ல அந்தப் பேப்பர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.