எத்தனை மணிக்குப் படுத்தே?

இரவு மணி இரண்டரை. 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று நாலு ஊருக்கு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அடுத்து ஆட வேண்டிய அணியை மைக்கில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள். களத்துக்குப் பின்னால் நின்ற மினி லாரியில் ஏழெட்டுப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அணியைக் கூட்டி வந்தவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்து எழுப்பினார். சாயங்காலம் ஆறு மணிக்கே வந்து பெயர் கொடுத்தவர்கள். முதல் ஆட்டம் பத்து மணிக்கு, இரண்டாவது இப்போது.

பத்து மணி ஆட்டத்தில் விலாங்கு மாதிரி வழுக்கித் தப்பிய ரெய்டர்தான் இப்போதும் பாடிப் போனான். எதிரணியின் மூலைக்காரன் கணுக்காலுக்குக் குனிவது அவனுக்குத் தெரிந்தது. காலை எடுக்கத்தான் ஒரு நொடி பிந்திவிட்டான். முட்டி திரும்பிக்கொண்டது. "வார்ம் அப் பத்தலை" என்றார் ஒருவர். "மேட்டு வழுக்குதுப்பா" என்றார் இன்னொருவர். அவன் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதை யாரும் பேசவில்லை. எழுந்த பிறகு மூளை முழுதாக விழித்துக்கொள்ளக் கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகலாம். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி.

நானும் இதையெல்லாம் யோசித்தவனில்லை. கல்லூரியில் வாலிபால் ஆடிய காலத்தில் நாலரை மணிக்கு எழுந்து ஓடியதைத்தான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். முந்தின ராத்திரி ஹாஸ்டலில் ஒரு மணி வரை கேரம் ஆடியதைச் சொல்வதில்லை. நம் ஊரில் எழுவதற்கு இருக்கிற மரியாதை படுப்பதற்குக் கிடையாது. சீக்கிரம் எழுந்தால் ஒழுக்கம், சீக்கிரம் படுத்தால் சோம்பேறித்தனம்.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும் சார், பழகிடுச்சு" என்று சொல்லாத விளையாட்டு வீரரை நான் பார்த்தது குறைவு. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த 'பழகிடுச்சு' மீதே கை வைக்கிறது. ஒரு குழுவினரைத் தினம் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, 14 நாட்கள் சோதித்தார்கள். முடிவில் அந்தக் குழுவினரின் கவனமும் சுதாரிப்பும், ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கியிருந்தன. ஆனால் கேட்டால், 'கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்' என்கிற அளவில்தான் சொன்னார்கள். தூக்கம் குறையக் குறைய, குறைந்திருப்பதே தெரியாமல் போகிறது. உடம்புக்குப் பழகிவிட்டது என்று நாம் நினைப்பது இதைத்தான்.

படுத்த முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போதுதான். பயிற்சியில் நைந்த தசை நார்களைச் செப்பனிடும் வேலையும் இரவெல்லாம் நடக்கிறது. பகலில் பழகிய ஒரு புது சர்வீஸை மூளை பதித்துக்கொள்வதில் விடியலை ஒட்டிய தூக்கத்துக்கும் பங்கு உண்டு. பயிற்சிக்காக அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தைத்தான் நாம் வெட்டி எடுக்கிறோம்.

தூக்கத்தைக் கூட்டினால் ஆட்டம் கூடுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வாளர் செரி மா சோதித்துப் பார்த்தார். பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர். வழக்கமான பயிற்சி அப்படியே தொடர, ஐந்து முதல் ஏழு வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 2011-ல் வெளியான முடிவு: 16.2 விநாடியில் ஓடிய தூரத்தை 15.5 விநாடியில் ஓடினார்கள். ஃப்ரீ த்ரோவில் குறி 9 சதவீதம் கூடியது. பதினோரு பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. அதனால் இதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும் 0.7 விநாடி என்றால் என்னவென்று ஓடுகிறவர்களைக் கேளுங்கள். லாஸ் ஏஞ்சலஸில் பள்ளி விளையாட்டு மாணவர்கள் 112 பேரைக் கவனித்த 2014-ம் ஆண்டு ஆய்வு இன்னும் நேரடியானது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயப்படும் வாய்ப்பு 1.7 மடங்கு.

ஐரோப்பாவில் வீரர்களின் தூக்கத்துக்கென்றே பணம் போடுகிறார்கள். சைக்கிள் பந்தய அணியான டீம் ஸ்கை, ஊர் ஊராக வீரர்களின் சொந்த மெத்தையையும் தலையணையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. 2015-ல் இத்தாலியப் பந்தயத்தின்போது தங்கள் வீரர் ரிச்சி போர்ட்டை ஓட்டலுக்குப் பதில் தனி வேனில் தூங்கவைத்தார்கள். மற்றவர்களுக்கு இந்த வசதி இல்லையே என்று சர்வதேச சைக்கிள் சங்கம் அதைத் தடை செய்தது! நம் பிள்ளைகள் அன்ரிசர்வ்ட் பெட்டியில் கழிவறைப் பக்கம் துண்டு விரித்துப் படுத்துப் போய், மறுநாள் காலை ஹீட்ஸ் ஓடுகிறார்கள். அதைத் தடை செய்ய ஒரு சங்கமும் இல்லை.

பாரிஸ் ஒலிம்பிக்கை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்ட் 6-ம் தேதி மூன்று எதிராளிகளை வீழ்த்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட், அன்று இரவு தூங்கவில்லை. எடையைக் குறைக்க விடிய விடிய உடற்பயிற்சி. காலையில் தராசு 100 கிராம் அதிகம் காட்டியது, தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இரண்டே நாளில் மல்யுத்த வீரர் அமன் ஷெராவத்துக்கும் அதே மாதிரி ஓர் இரவு. பத்து மணி நேரத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் குறைத்தார், அவரும் தூங்கவில்லை. ஆனால் வெண்கலம் வென்றார். அப்படியானால் தூக்கம் அவசியமில்லையா என்று கேட்கலாம். ஒரு ராத்திரி போனால் உடம்பு தாங்கும். போட்டிக்கு முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லும் வீரர்கள் உலகமெங்கும் உண்டு, பதக்கத்தோடு திரும்புகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஆளைத் தின்பது வாரக்கணக்கில், மாசக்கணக்கில் சேரும் பாக்கி.

அந்தப் பாக்கி சேர்வது பள்ளி வயதில். ஐந்தரைக்கு கிரவுண்ட், ஒன்பதுக்குப் பள்ளி, சாயங்காலம் மறுபடி கிரவுண்ட், எட்டரை வரை டியூஷன், பிறகு ஹோம்வொர்க், அதன் பிறகு போன். பதின்ம வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது.

எனக்குத் தெரிந்த தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போன வருடம் காலைப் பயிற்சியை ஆறே காலுக்குத் தள்ளினார். அட்டெண்டன்ஸ் நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, 'படுத்த நேரம்' என்று புதுக் கட்டம் போட்டார். பிள்ளைகள் உஷார். எல்லாரும் ஒன்பதரை என்றே எழுதினார்கள். 400 மீட்டர் ஓடும் ஒரு பெண் மட்டும் தினம் 12.10, 12.20 என்று எழுதிவந்தாள்.

"ஏம்மா, எத்தனை மணிக்குப் படுத்தே? போன் நோண்டிட்டு இருந்தியா?"

"இல்ல சார். நைட்டு டிபன் கடை. அம்மாவோட பாத்திரம் கழுவி முடிக்க அந்த டைம் ஆயிடும்."

அவர் அவளுக்குக் காலைப் பயிற்சியே வேண்டாம், சாயங்காலம் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். "மத்தவங்களுக்கு முன்னாடி என்னை மட்டும் வர வேணாம்னு சொல்லாதீங்க சார்" என்று மறுநாளும் ஆறு மணிக்கே வந்து நின்றாளாம். இப்போது அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் காலைப் பயிற்சி கேலரிப் படிக்கட்டின் நிழலில், பையைத் தலைக்கு வைத்து முக்கால் மணி நேரம் தூங்குவது. நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'வருகை' என்றுதான் போடுகிறார்.