மருந்தின் விலையும் மருந்துக் கணக்கும்

வெங்காயம் நட்ட ஒருவரிடம் "இம்முறை எவ்வளவு மிஞ்சியது?" என்று கேட்டால், விதைவெங்காயம், பசளை, கிருமிநாசினி, இறைப்புக்கான மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் கழித்து ஒரு தொகையைச் சொல்வார். வீட்டிலுள்ளோர் அனைவரும் இரண்டு மாதத்துக்கு மேலாகத் தோட்டத்தில் நின்ற கூலி அந்தக் கணக்கில் வராது. அதையும் எழுதினால் இலாபம் நட்டமாகிவிடுவதும் உண்டு. சொன்ன கணக்கு பொய்யல்ல, ஆனால் முழுமையானதுமல்ல. மருந்துகளைப் பற்றிச் சொல்லப்படும் கணக்குகளிலும் இதே குறை இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

நெருக்கமாக வாழ நேர்ந்த குடும்பங்களில் ஒருவருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் அடுத்த வாரம் எல்லோருக்கும் வந்துவிடும். கையிலுள்ள சொற்பக் காசை எந்த மருந்துக்குக் கொடுப்பது என்பது அப்போது பெரிய கேள்வி. மூலிகை மருந்து மலிவு என்பார் ஒருவர். ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது ஆங்கில மருந்துதான் என்பார் மற்றவர். இந்த விவாதம் மிகப் பெரிய அளவில் நடந்த நாடு சீனா. அங்கே ஒரே வைத்தியசாலையில் பாரம்பரிய மூலிகை மருந்தும், வைரசுக்கு எதிரான நவீன மருந்தும் அருகருகே கொடுக்கப்படுகின்றன. எது செலவுக்கேற்ற பலன் தருவது என்று பல ஆய்வுகளும் செய்யப்பட்டுள்ளன. அந்த ஆய்வுகளின் தரம் எப்படி?

பலவற்றில் காணப்படும் முதலாவது குறை இது. நோயாளிகளை "முற்றாகச் சுகம்", "நல்ல முன்னேற்றம்", "ஓரளவு முன்னேற்றம்", "பலனில்லை" என்று நான்காகப் பிரிக்கின்றனர். பின்னர் முதல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, "பலன் பெற்றோர்" என ஒரு வீதம் சொல்கின்றனர். முற்றாகச் சுகமானவரும் சற்றே இருமல் குறைந்தவரும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகின்றனர். முதலாந்தர நெல்லையும் பதரையும் ஒரே சாக்கில் கட்டி நிறுப்பது போன்றதே இது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. மருந்துச் செலவைச் சுகமானோர் தொகையால் வகுத்து, "ஒருவர் சுகமாக இவ்வளவு செலவு" என்று முடித்துவிடுகின்றனர். இதில் என்ன பிழை என்று கேட்கலாம். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு பேருக்குக் காய்ச்சல். முதல் மருந்துக்கு ஆளுக்கு 100 ரூபா; ஐந்தாம் நாளில் 80 பேர் சுகம். இரண்டாம் மருந்துக்கு ஆளுக்கு 200 ரூபா. 90 பேர் சுகம். வகுத்துப் பார்த்தால் முதல் மருந்தில் ஒருவர் சுகமாக 125 ரூபா, இரண்டாவதில் 222 ரூபா. ஆகவே முதல் மருந்தே சிக்கனம் என்று எழுதிவிடலாம்.

ஆனால் இந்தக் காய்ச்சல் பெரும்பாலானோருக்குத் தானாகவே மாறும். மருந்தே இல்லாமல், கஞ்சி குடித்துப் படுத்திருந்தவர்களில் 75 பேர் அதே ஐந்தாம் நாளில் எழும்பியிருந்தால்? அப்போது முதல் மருந்து 10,000 ரூபா செலவில் மேலதிகமாகச் சுகப்படுத்தியது ஐந்து பேரை மட்டுமே. தலைக்கு 2,000 ரூபா. இரண்டாவது 20,000 ரூபா செலவில் பதினைந்து பேரைச் சுகப்படுத்தியது. தலைக்கு 1,333 ரூபா. மலிவானது எதுவென்ற விடையே தலைகீழாகிவிட்டது. மருந்துகளும் விலைகளும் மாறவில்லை. எதனோடு ஒப்பிட்டோம் என்பது மட்டுமே மாறியது. சும்மா இருந்தவர்களையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வை நாம் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

சும்மா இருந்தவர்களையும் சேர்த்த நல்ல ஆய்வொன்றும் உண்டு. 2009இல் பரவிய புதிய இன்புளுவென்சாக் காய்ச்சலின்போது சீனாவின் நான்கு மாகாணங்களில் 11 வைத்தியசாலைகளில் 410 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2011இல் வெளியானது அது. மருந்து பெறாதவர்களுக்குக் காய்ச்சல் தணிய 26 மணித்தியாலம் சென்றது. ஒசெல்ரமிவிர் என்னும் நவீன மருந்து எடுத்தவர்களுக்கு 20 மணித்தியாலம். அதிமதுரம் உட்பட 12 சரக்குகள் சேர்ந்த கசாயம் குடித்தவர்களுக்கு 16 மணித்தியாலம். கசாயக்காரருக்கு மகிழ்ச்சிதான். எனினும் யார் எதைப் பெறுகின்றனர் என்பது நோயாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. போலி மருந்து கொடுத்து ஒப்பிடப்படவில்லை. நம்பிக்கையே உடலுக்குத் தெம்பு தரும் என்பது எமக்குத் தெரிந்ததுதானே. தவிரவும், அந்தக் கசாயத்திலுள்ள எபெட்ரா என்னும் செடி இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. மூலிகை என்பதால் தீங்கில்லை என்று கொள்ள முடியாது.

கொவிட் காலத்தில் புகழ்பெற்ற லியன்குவா சிங்வென் என்னும் மூலிகைக் குளிசையின் கதையும் இத்தகையதே. 2020இல் வெளியான 284 பேர் பற்றிய ஆய்வில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் அறிகுறிகள் மாறப் பத்து நாள், குளிசையும் எடுத்தவர்களுக்கு ஏழு நாள். ஆனால் உடலில் வைரசு இல்லாமற் போவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இங்கும் குளிசை எடுப்பது எடுப்பவருக்குத் தெரியும். அந்த மூன்று நாளை ரூபாவாக மாற்றி இலாபக் கணக்கு எழுதினால், அது எவ்வளவு உறுதியான அத்திவாரத்தில் நிற்கும்?

இதை வைத்துச் சீன மருந்தை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல. நவீன மருந்தின் கணக்கும் ஆட்டங்கண்டதுதான். மேற்சொன்ன ஒசெல்ரமிவிர், ரமிபுளூ என்ற பெயரில் விற்கப்படுவது. (இதைச் செய்வதற்கான மூலப்பொருள் சீனாவில் விளையும் அன்னாசிப்பூவிலிருந்தே எடுக்கப்பட்டது. பிரியாணிக்குப் போடும் அதே சரக்கு! அதை அவித்துக் குடித்தால் ரமிபுளூ ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) பெருநோய் வருமென அஞ்சிய அரசாங்கங்கள் இதை மலைபோல் வாங்கிச் சேர்த்தன. பிரித்தானியா மட்டும் 42 கோடி 40 இலட்சம் பவுண் செலவிட்டது. வைத்தியசாலையில் சேர்வதையும் சிக்கல்களையும் இது குறைக்கும் என்ற நம்பிக்கைக்கு முக்கிய ஆதாரமாயிருந்தது 2003ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று. அது பத்து ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றுள் எட்டு எங்கும் முழுமையாக வெளியிடப்படாதவை. 2009இல் ஜப்பானியக் குழந்தை வைத்தியர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் பல வருடம் போராடி, 2013இல்தான் கம்பனியிடமிருந்து முழு அறிக்கைகளையும் பெற்றனர். 2014இல் முடிவு வெளிவந்தது. வளர்ந்தவர்களுக்கு நோயின் காலம் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது. வைத்தியசாலையில் சேர்வதைக் குறைத்ததற்குச் சான்று இல்லை. வாந்தியும் குமட்டலும் கூடுகின்றன. 2015இல் வேறொரு குழுவினர் வைத்தியசாலை அனுமதி குறைகிறது என்று எழுதினர். அவர்களுக்குப் பணம் கொடுத்த அமைப்புக்கு அந்த மருந்துக் கம்பனியும் நிதி வழங்கியிருந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பிரதான பட்டியலிலிருந்து இதை எடுத்து, துணைப் பட்டியலில் வைத்தது.

யாருடைய செலவு கணக்கில் வருகிறது என்பதும் பார்க்க வேண்டியதே. வைத்தியசாலைப் பற்றுச்சீட்டில் உள்ளதை மட்டும் கூட்டும் ஆய்வுகள் ஏராளம். கசாயம் காய்ச்சும் விறகும் நேரமும், நோயாளியோடு கூட நின்றவர் இழந்த நாட்கூலியும், பஸ் காசும் அவற்றில் இல்லை. நம்போன்ற குடும்பங்களுக்குப் பல வேளைகளில் மருந்தின் விலையை விட அவையே அதிகம். ஆய்வு எழுதுவோர் எவற்றையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென 2013இல் 24 அம்சங்கள் கொண்ட சர்வதேசப் பட்டியலொன்று வெளியானது. 2022இல் அது 28 அம்சங்களாகத் திருத்தப்பட்டது. யாருடைய பக்கம் நின்று கணக்குப் பார்க்கப்பட்டது, பணம் தந்தவர் யார் என்பன அதில் அடங்கும்.

துண்டுப்பிரசுரத்துடன் வீட்டு வாசலுக்கு மருந்து கொண்டுவருபவரிடம் இவற்றில் இரண்டையாவது நாமும் கேட்கலாம். எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? பார்த்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ஒரு குளிசையின் விலையை அல்ல, முழுச் சிகிச்சையின் விலையைக் கேளுங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலோ, நோயாளி கைக்குழந்தையாகவோ கர்ப்பிணித் தாயாகவோ இருந்தாலோ, இந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்து முதலில் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.