புல்லட் வண்டியின் சரித்திரப் புத்தகங்கள்: வியாபாரிக்கு என்ன சொல்கின்றன?

மளிகைக் கடைக்காரருக்கும் மோட்டார் வண்டிப் புத்தகங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு சரக்கு எப்படிச் சந்தைக்கு வந்தது, எப்படிப் பெயர் வாங்கியது, எப்படிப் படுத்தது, மறுபடி எப்படி எழுந்தது என்பதுதான் அந்தப் புத்தகங்களில் உள்ள விஷயம். பெயரும் ஊரும் மாறலாம். சரக்கு, வாடிக்கையாளர், போட்டி ஆகிய மூன்றும் நமக்கும் உண்டு.

திண்டிவனம் – மரக்காணம் சாலையில் பிரம்மதேசம் வழியாகப் போய்வரும் நம்மவர்களுக்குப் புல்லட் சத்தம் பழகிய ஒன்று. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் வருவது மண்டிக்காரர், ரைஸ் மில் முதலாளி, இல்லையேல் காவல்துறை அதிகாரி என்று சொல்லிவிடலாம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களில் இளைஞர்கள் கூட்டமாக அதே வண்டியில் புதுச்சேரிக்குப் போகிறார்கள். வண்டியின் பெயர் மாறவில்லை, வாங்குகிறவர் மாறிவிட்டார். இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்வது வியாபாரிக்கு லாபம். இப்புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், நமக்கு வேண்டிய சாரத்தை இங்கே தருகிறோம்.

அமெரிக்காவின் மஸ்டாங்

அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்று ஒரு வகை உண்டு. உருவம் நடுத்தரக் குடும்பத்துக் காராக இருக்கும். எஞ்சின் மட்டும் மிகப் பெரியது. அந்த வரிசையில் உலகெங்கும் பெயர் வாங்கியது போர்டு கம்பெனியின் மஸ்டாங். அது பிறந்த கதையை அறிய, அந்தக் காரைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான லீ அயக்கோக்கா 1984ல் வெளியிட்ட சுயசரிதை பயன்படும். நம் நாட்டிலும் தொழில் செய்வோர் பலர் விரும்பிப் படித்த புத்தகம் அது.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் ஓராண்டில் 4 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, உள்ளே இருந்தது புதுச் சரக்கு அல்ல. போர்டின் பால்கன் என்ற சாதாரணக் காரின் பாகங்களையே பெருமளவு பயன்படுத்திக்கொண்டார்கள். மேல்வடிவம் மட்டும் புதிது. முதலீடு குறைந்தது, விலையும் குறைந்தது.

இரண்டாவது, அடிப்படை விலையைக் குறைவாக வைத்துவிட்டு, பெரிய எஞ்சின், ரேடியோ, நல்ல சக்கரம் ஆகியவற்றைத் தனித்தனியாக விற்றார்கள். வந்தவர்கள் குறைந்த விலையைப் பார்த்து வந்தார்கள். மேற்கொண்டு சராசரியாக 1,000 டாலர் அளவுக்குக் கூடுதல் சாமான்களை வாங்கிப் போனார்கள் என்கிறார் அயக்கோக்கா. சர்க்கரையை அடக்க விலைக்குக் கொடுத்து, ஏலக்காய், முந்திரி, நெய்யில் லாபம் பார்க்கிற நம் பண்டிகைக் கால வியாபாரமும் இதுதானே!

ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதியையும் படிக்க வேண்டும். சில ஆண்டுகளில் மஸ்டாங் ஒவ்வொரு மாடலிலும் நீளமும் எடையும் கூடி, 1971ல் பழைய வாடிக்கையாளருக்கே அடையாளம் தெரியாத வண்டியாகிவிட்டது. 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பெரிய எஞ்சின் கார்கள் அத்தனையும் அடி வாங்கின. விற்கிறது என்பதற்காக ஒரு சரக்கின் மேல் சுமையை ஏற்றிக்கொண்டே போனால், காலம் மாறும்போது அந்தச் சுமையே அழுத்திவிடும்.

திருவொற்றியூர் வண்டி

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது கார் அல்ல. புல்லட் மோட்டார் சைக்கிள். அதுவும் நம் சென்னைச் சரக்கு. ராயல் என்பீல்டு என்பது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் கொடுத்து வந்ததால் துப்பாக்கியையே சின்னமாக வைத்துக்கொண்டார்கள். ‘புல்லட்’ என்ற பெயர் 1930களின் தொடக்கத்தில் வந்தது. அந்த இங்கிலாந்துப் பகுதியின் வரலாற்றைப் பீட்டர் ஹார்ட்லி 1981ல் ஒரு நூலாகத் தந்தார். இந்தியப் பகுதியின் வரலாற்றைப் பத்திரிகையாளர் அம்ரித் ராஜ் 2020ல் வெளிவந்த ‘இந்தியன் ஐகான்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

1950களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்திலிருந்து வண்டிகளைத் தருவித்து விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், அந்தக் கம்பெனியோடு சேர்ந்து 1955ல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கியது. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

பிறகு நடந்தது வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் மிச்சம் இருந்த தயாரிப்பும் 1970ல் நின்றது. தாய்க்கடை மூடிவிட்டது, கிளைக்கடை நடக்கிறது! 1977ல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது.

போட்டி இல்லாத காலம், போட்டி வந்த காலம்

இங்கேதான் நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். 1980கள் வரை, லைசென்ஸ் இல்லாமல் யாரும் புது வண்டி தயாரிக்க முடியாத நிலை. ராணுவமும் காவல்துறையும் நிரந்தர வாடிக்கையாளர்கள். வெளியே பெரிய எஞ்சின் வண்டி வேண்டுவோருக்கு வேறு வழி அதிகம் இல்லை. ஆகவே வண்டியில் இருந்த குறைகள் குறைகளாகவே நீடித்தன. எஞ்சினில் எண்ணெய் கசியும். கிக்கர் உதைத்துப் பழகாதவர் காலைப் பதம் பார்க்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வாங்கியவர்கள் ‘புல்லட் என்றால் அப்படித்தான்’ என்று பொறுத்துக்கொண்டார்கள்.

1984, 1985ஆம் ஆண்டுகளில் ஜப்பானியக் கூட்டோடு 100 சி.சி. வண்டிகள் வந்தன. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா என்று வரிசையாக இறங்கின. எடை குறைவு, பெட்ரோல் சிக்கனம், அடிக்கடி மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. நம்மில் பலரும் கடை வேலைக்கு அந்த வண்டிகளுக்கே மாறினோம். புல்லட் கம்பெனியும் சிக்கனத்துக்காக டீசல் வண்டி விற்றுப் பார்த்தது. மைலேஜ் ஏராளம்; வேகம்தான் இல்லை. கிராமப்புறங்களில் அதற்கு விசுவாசிகள் இருந்தாலும், கம்பெனியைத் தூக்கி நிறுத்தும் அளவுக்கு அது போகவில்லை.

1990ல் டிராக்டர் தயாரித்துவந்த ஐஷர் குழுமம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 1994ல் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அப்போதும் விடியவில்லை. 2000ஆம் ஆண்டில் மாதம் சுமார் 2,000 வண்டிகளே விற்றன. தயாரிக்கக்கூடியதோ அதைப்போல மூன்று மடங்கு. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தது.

எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள்?

அந்த நேரத்தில் பொறுப்பேற்றவர் முதலாளியின் மகன் சித்தார்த்த லால். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜெய்ப்பூரில் இருந்த தொழிற்சாலையை 2002ல் மூடினார்கள். பின்னர் ஐஷர் குழுமத்தில் இருந்த 15 தொழில்களில் 13ஐக் கைகழுவினார்கள். நன்றாகப் பெயர் எடுத்த டிராக்டர் தொழிலையே 2005ல் சென்னையின் டாபே நிறுவனத்துக்கு விற்றார்கள். மீதி வைத்தவை லாரியும் புல்லட்டும். பத்துப் பன்னிரண்டு சரக்கில் கால் வைத்து எதிலும் முன்னால் நிற்காமல் இருப்பதைவிட, இரண்டில் முன்னால் நிற்போம் என்ற கணக்கு.

அடுத்தது வண்டி. இதுதான் மிகக் கடினமான வேலை. குறைகளைச் சரிசெய்தால் பழைய வாடிக்கையாளர் கோபிக்கிறார். சரிசெய்யாவிட்டால் புதியவர் வரமாட்டார். கியரை இடது பக்கம் மாற்றியதற்கும் எதிர்ப்பு. பட்டன் ஸ்டார்ட் வைத்ததற்கும் முணுமுணுப்பு. கடைசியில் அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணெய்க் கசிவுக்காக எவரும் புல்லட் வாங்கவில்லை. உருவம், கனம், அந்த ‘டப் டப்’ ஒலி ஆகியவற்றுக்காகவே வாங்கினார்கள். ஆகவே எஞ்சினைப் புதிதாகச் செய்து, உருவத்தைப் பழைய மாதிரியே வைத்தார்கள். 2009ல் புதிய எஞ்சினோடு வந்த ‘கிளாசிக்’ மாடல் நிலைமையை மாற்றியது. 2010ல் சுமார் 50,000 வண்டிகள் விற்ற கம்பெனி, 2014ல் 3 லட்சத்தைத் தாண்டியது. இடையே 2013ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலையும் தொடங்கியது.

நம் கடைகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஊருக்கு ஒரே கடையாக நாம் இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று திண்டிவனத்தில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. போனில் ஆர்டர் செய்தால் பார்சல் வீட்டுக்கு வருகிறது. ‘நம்ம கடை என்றால் அப்படித்தான்’ என்று வாடிக்கையாளர் பொறுத்துக்கொண்டவை எவை? சில்லறை இல்லை என்பது, பில் தராதது, பழைய சரக்கை முன்னால் தள்ளுவது. இவை எண்ணெய்க் கசிவு. இவற்றை விட்டால் எவரும் வருந்தப் போவதில்லை. அவர்கள் நம்மிடம் வருவதற்குக் காரணமானவை எவை? மாதப் பற்று, பத்து ரூபாய்க்கும் பொட்டலம் மடித்துக் கொடுப்பது, பெயர் சொல்லி அழைப்பது, வீட்டு விசேஷத்துக்குப் பட்டியல் போட்டுத் தருவது. இவை அந்த வண்டியின் ஒலி. கடையைப் புதுப்பிக்கிறேன் என்று கண்ணாடியும் ஏசியும் போட்டுவிட்டு, இவற்றை நிறுத்திவிட்டால் என்ன பயன்?

உப்பளத்தைப் பார்த்தே வாழும் நமக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவு உபயோகத்துக்கு விற்கக்கூடாது என்ற தடை 2006 மே மாதம் மீண்டும் அமலுக்கு வந்தது. மூட்டையைப் பிரித்து அளந்து கொடுத்த கல் உப்பின் இடத்தைப் பாக்கெட் பிடித்தது. ஆனாலும் ஊறுகாய்க்குக் கல் உப்புதான் வேண்டும் என்பவர்கள் இருக்கவே செய்தார்கள். அயோடின் சேர்த்த கல் உப்பையே பாக்கெட்டில் வாங்கி வைத்த கடைக்காரர், சட்டத்தையும் காப்பாற்றினார், வாடிக்கையாளரையும் காப்பாற்றினார். மாற்ற வேண்டியதை மாற்றி, வைக்க வேண்டியதை வைப்பது என்பது இதுதான்.

புத்தகம் வந்த வருடத்தைப் பாருங்கள்

இத்தகைய புத்தகங்களைப் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. டாடாவின் நானோ கார் 2008 ஜனவரியில் அறிமுகமானது. 1 லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. அது உருவான விதத்தைச் சொல்லும் ‘ஸ்மால் வொண்டர்’ என்ற நூல் 2010ல் வந்தது. பொறியாளர்களின் உழைப்பு பெரியதுதான், சந்தேகமில்லை. ஆனால் ‘மலிவான கார்’ என்ற பெயரே அந்தக் காருக்கு வினையானது. கார் வாங்குகிறவர் ஊரார் முன் பெருமையையும் சேர்த்தே வாங்குகிறார். 2018ல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. 2010ல் எழுதிய புத்தகத்தில் இந்த முடிவு எப்படி இருக்க முடியும்?

ஆகவே ஒரு கம்பெனியின் வெற்றிக் கதையைக் கையில் எடுத்தால், முதலில் அது வந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு எழுதியவர் கம்பெனியைச் சேர்ந்தவரா, வெளியாளா என்று பார்க்க வேண்டும். அயக்கோக்கா தன் கதையைத் தானே சொல்கிறார். பத்திரிகையாளர் வெளியிலிருந்து எழுதுகிறார். இரண்டையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்க்கிறவரே விவரமான வாசகர்.

பேரேடு பேசும்

கடைசியாக ஒன்று. ரெட்டிச் தொழிற்சாலை மூடி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இன்றும் ஒரு பழைய வண்டியின் எண்ணைச் சொன்னால், அது எந்தத் தேதியில், எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காரணம், சரக்கு அனுப்பிய குமாஸ்தாக்கள் எழுதிய பேரேடுகள் தப்பிப் பிழைத்து, இங்கிலாந்தில் உள்ள ராயல் என்பீல்டு உரிமையாளர் சங்கத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அன்றாடக் கணக்காக எழுதியதுதான் பின்னாளில் சரித்திரத்துக்கு ஆதாரமானது.

நம் பகுதியின் மண்டிகளிலும் மளிகைக் கடைகளிலும் அப்பா காலத்துச் சிட்டையும் பேரேடும் பரண்மேல் கிடக்கின்றன. உப்பு மூட்டை என்ன விலைக்குப் போனது, புயல் வந்த வருடம் எவ்வளவு கடன் வசூலாகாமல் நின்றது, எந்தச் சரக்கு எந்த ஆண்டில் முதன்முதலாகக் கடைக்கு வந்தது என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. வருடா வருடம் போகிக்கு அவற்றில் சில எரிகின்றன. சில எடைக்குப் போகின்றன. எடைக்குப் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய் கிடைக்கும். வைத்திருந்தால், நம் பிள்ளைகள் அடுத்த மாற்றத்தைச் சந்திக்கும்போது, முந்தைய மாற்றத்தைத் தாத்தா எப்படிச் சமாளித்தார் என்று எண்ணிக்கையோடு பார்க்கலாம்.

ஆகவே இந்த ஆண்டு கணக்கு முடிக்கும்போது உறுப்பினர்கள் இரண்டு வேலை செய்யலாம். பழைய பேரேடுகளைத் தூசி தட்டி, கரையான் ஏறாத இடத்தில் வருட வாரியாகக் கட்டி வையுங்கள். ஒரு தாளை எடுத்து, நம் கடையின் எண்ணெய்க் கசிவு எது, ஒலி எது என்று இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களையும், பற்று வைத்துள்ள நாலு வாடிக்கையாளர்களையும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. முதல் பத்தியில் உள்ளதை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இரண்டாம் பத்தியில் உள்ளதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.